மைனஸ் பன்னெண்டு லட்சம்

விளக்கு முதல்ல எரிஞ்சுது. அடி அப்புறந்தான் விழுந்துச்சு.

கண்ணு சிமிட்டுற நேரம் கூட இருக்காது. வேற யாராச்சும் இருந்தா கவனிச்சிருக்கவே மாட்டாங்க. ஆனா வஜ்திக்கு பொழப்பே இதுதான், நாள் முழுக்க ஸ்கிரீன்ல பச்ச விளக்கு மின்னுறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிறவன், அதனால அது அவனுக்கு பல்லுல மாட்டுன மணல் மாதிரி உறுத்துச்சு. கீழ் ரூம்ல அவன் அண்ணன் லுத்ஃபி தர்புக்காக் கொட்டு அடிச்சுக்கிட்டிருக்கான். அந்த அடி மரத்தரை வழியா ஏறி வஜ்தியோட வெறுங்காலுக்கு வரும். வந்து, கொஞ்சம் பொறுத்துத்தான் ஸ்கிரீன்ல விளக்கு எரியணும். எப்பவும் அப்படித்தான். இன்னிக்கு விளக்கு மின்னுது, அப்புறம் கால்ல டும்.

மத்தியானம் மூணு மணி. வெளிய ஷெஹிலி வீசுது. அந்தக் காத்து ஆரம்பிச்சா ஸ்ஃபாக்ஸ் ஊரே ஷட்டர இழுத்து விட்டுட்டு, நனச்ச துணிய மூஞ்சில போட்டுக்கிட்டு செத்த மாதிரி படுத்துக்கும். தெருவுல ஒரு நாய் கூட கெடயாது. வானம் பூரா துருப்புடிச்ச தகரம் மாதிரி இருக்கு, ஜன்னல் சந்துல ஈர நியூஸ்பேப்பர் திணிச்சும் மாவு மாதிரி மணல் உள்ள வந்து கீபோர்டு மேல படியுது. அவங்க ஸ்டூடியோ முன்னாடி ஆலிவ் எண்ணெய் கிடங்கா இருந்த கட்டடம். மூணு தடவ சுண்ணாம்பு அடிச்சாச்சு, இன்னும் சூடு ஏறுனா செவுத்துலேந்து அந்தப் பழைய காறுன எண்ண வாட கெளம்பும். இன்னிக்கு மூக்க அடைக்குது.

கீழ ஒரு பழைய லேப்டாப். மேல ஒரு பெரிய கம்ப்யூட்டர். நடுவுல மாடிப்படி ஓரமா ஆணி அடிச்சு இழுத்த ஒரே ஒரு நீலக் கேபிள். கீழ் மைக்குல விழுற சத்தமும் அதுலதான் மேல வருது, தர்புக்கா தோல்ல ஒட்டியிருக்கிற சென்சார் அனுப்புற மிடியும் அதுலதான் வருது. மிடின்னா சத்தம் இல்ல, சேதி. எப்ப அடிச்சான், எவ்ளோ பலமா அடிச்சான், ஒண்ணுலேந்து நூத்தி இருபத்தேழுக்குள்ள ஒரு நம்பர். அவ்ளோதான். மேல் கம்ப்யூட்டர் அந்தச் சேதிய வாங்கி ஒரு கனமான டிரம் சத்தத்தப் போட்டு அண்ணன் காதுக்கே திருப்பி அனுப்பும்.

அதுலதான் இன்னிக்கு சண்ட.

"டேய் வஜ்தி, நான் அடிக்கிறேன், உன் டிரம்மு எழுந்து, பல்லு தேச்சு, காபி குடிச்சுட்டு வருது."

"பன்னெண்டு மில்லி செகண்டுண்ணே. ஒரு கொசு செறகடிக்கிற நேரம்."

"அந்தக் கொசு என் காதுக்குள்ள உக்காந்திருக்கு. எடுத்து வுடு. சனிக்கெழம கல்யாணப் பொண்ணு மேடைக்கு வர்றப்ப இந்தப் பாட்டுதான் ஓடப் போவுது, அவ கால் தடுக்கி வுழுந்தான்னா அவங்க மாமனுங்க என்னத் தூக்கி கடல்ல போட்டுருவானுங்க."

அதான் வஜ்தி, தாமதம்னு எழுதியிருக்கிற கட்டத்துல மைனஸ் பன்னெண்டுன்னு தட்டிவிட்டான். கைப்பழக்கம். ஏற்கனவே பதிவு பண்ணுன பாட்டுன்னா மைனஸ் போட்டு முன்னாடி இழுக்கலாம், அது எல்லாரும் பண்றது. நேரா ஓடிக்கிட்டிருக்கிற லைனுக்கு மைனஸ் போட்டா ஒண்ணும் ஆகாது. இன்னும் அடிக்காத அடிய எங்கேந்து இழுக்குறது? அது அவனுக்கும் தெரியும். போட்டதுக்கப்புறந்தான் ஞாபகம் வந்து தன்னையே திட்டிக்கிட்டு அழிக்கப் போனான்.

"ஆங்! அப்படிப் போடு," கீழேந்து அண்ணன். "இப்ப தோள் மேல கை போட்ட மாதிரி கூடவே வருது. என்னடா பண்ண?"

"ஒண்ணும் பண்ணலண்ணே," ன்னான் வஜ்தி. பொய் சொல்லல.

விளக்கு. டும். விளக்கு. டும்.

அவன் அந்தக் கட்டத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். அப்புறம், ஆழம் பாக்க கெணத்துல கல்லு போடுற மாதிரி, மூவாயிரம்னு தட்டுனான். மைனஸ் மூவாயிரம். மூணு செகண்டு.

ஹெட்ஃபோன்ல அண்ணன் குரல்: "பசிக்குதாவா? உன்னையே உப்பு போட்டுத் தின்னுருவேன்."

வஜ்தி சிரிச்சுட்டான். பேசுற பொத்தான அமுக்கி, "என்னண்ணே, பசிக்குதா?" ன்னான்.

கேட்டு முடிச்சப்புறந்தான் ஒறச்சுது. பதில் முன்னாடியே வந்துருச்சு.

முதுகுல வேர்வ ஓடுச்சு. ஃபேன் வெந்த காத்தத்தான் சுத்தி அடிச்சுது. மறுபடி ஹெட்ஃபோன்ல அண்ணன்: "நூறு வருஷம் நல்லா இரு. மூக்கத் தொடச்சுக்க."

இந்தத் தடவ வஜ்தி வாயத் தொறக்கல. பொத்தான்லேந்து கையத் தூக்கி தொடைக்குக் கீழ வச்சு அழுத்திக்கிட்டான். பல்லக் கடிச்சுக்கிட்டான். நான் ஒண்ணுமே சொல்லலன்னா அவன் எதுக்குப் பதில் சொல்லுவான், பாக்கலாம்னு மனசுக்குள்ள எண்ணுனான். ஒண்ணு. ரெண்டு. மூக்குல மணல் ஏறிச்சு, தும்மல் அவன ரெண்டா மடிச்சுது, முழங்கை போய் பொத்தான் மேல விழுந்துச்சு. கீழ அண்ணன் இப்பத்தான் வாயத் தொறக்குறான். நூறு வருஷம் நல்லா இருன்னு இப்பத்தான் சொல்றான்.

பயமா இருந்துச்சா? இருந்துச்சு. ஆனா இருபத்திநாலு வயசுல பயத்துக்குப் பக்கத்துலயே ஒரு அரிப்பும் இருக்கும்ல. பத்து செகண்டு போட்டுப் பாத்தான். அண்ணன் தாளத்துல ஒரு எடத்துல தப்பு பண்றது காதுல கேட்டுச்சு, பத்து வரைக்கும் எண்ணுனா அதே தப்பு கால்ல வந்து இடிச்சுது. ஒரு நிமிஷம் போட்டான். அதுவும் வந்துச்சு. அப்பத்தான் அவனுக்கு அந்த யோசன. லுத்ஃபி எப்பவும் சூடாக நேரமெடுக்குற ஆளு. முதல் அர மணி நேரம் முணுமுணுத்துக்கிட்டே அடிப்பான், அப்புறம் ஒரு வாசிப்பு வாசிப்பான் பாரு, செவுரு வேர்க்கும். அத இப்பவே புடிச்சுட்டா? சாயங்காலம் பாட்ட அனுப்பியாகணும். பதிவு பண்ற செகப்புப் பொத்தான் எப்படியும் அமுக்கியேதான் இருக்கு. அத அவன் எப்பவுமே நிறுத்த மாட்டான், எந்த அடி நல்ல அடின்னு யாருக்குத் தெரியும்.

இருபது நிமிஷம்னா மில்லி செகண்டுல பன்னெண்டு லட்சம். சைபர எண்ணி எண்ணி தட்டுனான். ஓரத்துல மணி 3:10.

முதல்ல ஒண்ணுமே இல்ல. ஒரு இரைச்சல்.

கண்ண மூடிக்கிட்டு ஹெட்ஃபோன ரெண்டு கையாலயும் காதோட அழுத்துனான். இரைச்சல் ஏறுது, எறங்குது, ஒரு ஓரத்துல விசிலடிக்குது. காத்து. கீழ் ரூம்ல காத்தா? அந்த ரூமுக்கு நாலு செவுத்துலயும் மெத்த அடிச்சிருக்கு, கதவ சுத்தி ரப்பர் வச்சிருக்கு, உள்ள ஒருத்தன் தொண்ட கிழியக் கத்துனாலும் வெளிய குரல் வராது, இடிக்கிற சத்தம் மட்டுந்தான் மரத்துல ஏறி வரும். அதுக்குள்ள ஷெஹிலி எப்படி வீசும்? அவன் அத யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள மரம் பொளந்துச்சு. கிட்டக்க. மைக்குக்கு ரொம்பக் கிட்டக்க. மூச்சு, ரெண்டு பேரோட மூச்சு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. இரும்பு எதையோ அடிச்சுது. அந்த எதுவோ கெட்டியாவும் இல்ல, மெத்துன்னும் இல்ல. என்னமோ உருண்டுச்சு. மறுபடி. இந்தத் தடவ ஈரமா. அப்புறம் அண்ணனோட சத்தம்.

வார்த்த இல்ல. சத்தம்.

மூணாவது அடில வஜ்தி ஹெட்ஃபோனப் புடுங்கி மேஜ மேல எறிஞ்சான்.

பாதத்துக்குக் கீழ தர்புக்கா ஜோரா ஓடிக்கிட்டிருந்துச்சு. டும் தக தக டும். கல்யாணத் தாளம். கீழ உயிரோட, வேர்வயோட, பசியோட அண்ணன் அடிச்சுக்கிட்டிருக்கான். மேல மேஜையில அதே அண்ணன் கொசு மாதிரி கத்திக்கிட்டிருக்கான்.

ஷுக்ரி.

வேற யாரு? முந்தாநாள் கல்யாணத்துல மெஸ்வெத் ஊத வந்தவன். ஆட்டுத்தோல் பைய அக்குள்ல வச்சுக்கிட்டு நிக்கவே முடியாத அளவு குடிச்சிருந்தான். லுத்ஃபி அவன எல்லார் முன்னாடியும் காலரப் புடிச்சு மேடையிலேந்து எறக்கிவிட்டான். ஷுக்ரி ஒடஞ்ச பாட்டிலோட திரும்பி வந்தான், ஒரு நாற்காலி ஒடஞ்சுது, ஒருத்தன் காது கிழிஞ்சுது. நேத்து சாயங்காலம் இங்க ஷட்டருக்கு வெளிய நின்னுக்கிட்டு அமைதியா, குடிக்காம, சொல்லிட்டுப் போனான்: "லுத்ஃபி, உன் தலைய உன் தர்புக்கா மாதிரியே தட்டிக் காட்டுறேன்."

வஜ்தி நாலு நாலு படியா எறங்குனான். ஷட்டர இழுத்து, உள்ளேந்தும் வெளியேந்தும் தொறக்குற பூட்டப் போட்டான், சாவிய பேன்ட் பையில திணிச்சான். கையில ஏதாச்சும் வேணும். மூலையில ஒடஞ்ச மைக் ஸ்டாண்டோட கீழ்ப்பாதி சாஞ்சு கெடந்துச்சு, ஒரு முழக் கம்பி, அது நுனியில ரொட்டிக்கல்லு மாதிரி வட்ட இரும்பு. எடுத்துக்கிட்டான். கைக்குக் கச்சிதமா இருந்துச்சு.

ரூம் கதவத் தொறந்தா லுத்ஃபி பனியனோட, கழுத்துல துண்டோட, தர்புக்காவ மடியில வச்சுக்கிட்டு.

"என்னடா, பேய் அறஞ்ச மாதிரி? இருந்த ஒரு தாளமும் போச்சு."

"மேல வாண்ணே."

"எதுக்கு?"

"ஒண்ணு கேக்கணும். வா. தயவு செஞ்சு."

"ஷுக்ரி வந்தானா?" லுத்ஃபி சிரிச்சான். "அவன் இந்த வெயில்ல வெளிய வந்தா உருகி ஓடிருவான்டா. துணி எடுத்துட்டு வந்து தொடச்சுக்கலாம்."

ஆனா வஜ்தி மூஞ்சப் பாத்துட்டு எழுந்தான்.

மேல வந்து நாற்காலியில சாஞ்சு உக்காந்தான், ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டான். நடந்தத தம்பி தப்புந் தவறுமா சொல்லி முடிச்சப்ப, "நீ நேத்து தூங்குனியா?" ன்னு மட்டும் கேட்டான். வஜ்தி பதிவப் பின்னாடி இழுத்து ஓட விட்டான். ஹெட்ஃபோன் ஒண்ணுதான். அதனால அவன் கேக்கல, பாத்தான். ஸ்கிரீன்ல அல. முதல்ல புல்லு மாதிரி குட்டையா, அது காத்து. அப்புறம் ஒரு முள்ளு, அது மரம். அப்புறம் தூண் தூணா. பக்கத்துலயே மிடிப் பட்டியல் ஓடுச்சு. தர்புக்கா கீழ விழுந்து கெடந்திருக்கணும், தரையில விழுற ஒவ்வொரு அடியும் அது தோல ஆட்டியிருக்கணும், ஏன்னா ஒவ்வொரு தூணுக்கும் ஒரு வரி. நூத்தி இருபத்தேழு. நூத்தி இருபத்தேழு. நூத்தி இருபத்தேழு. அதுக்கு மேல அதுல நம்பரே கெடயாது. வஜ்தி எண்ணுனான். பதினோரு வரி.

பதினொண்ணுக்கப்புறம் அல படுத்துருச்சு. செத்த நேரம் வெறும் புல்லு. அப்புறம் சின்னச் சின்ன மேடு. யாரோ பேசுற மாதிரி மேடு. வஜ்தி கேக்காத எடம் அது.

லுத்ஃபி கேட்டான்.

சிரிப்பு அவன் மூஞ்சிலேந்து ஒரேயடியா போகல. வாய் சிரிச்ச மாதிரியே நின்னுச்சு, கண்ணு மட்டும் போயிருச்சு. அந்தக் கண்ணு மெதுவா திரும்பி தம்பியப் பாத்துச்சு. மூஞ்சிலேந்து தோளுக்கு, தோள்லேந்து கைக்கு எறங்குச்சு. துள்ளி எழுந்தான். நாற்காலி சாஞ்சுது, ஹெட்ஃபோன் வயரு பிச்சுக்கிட்டு வந்துருச்சு, பெரிய ஸ்பீக்கர் ரெண்டுலயும் சத்தம் பொளேர்னு தொறந்துச்சு. லுத்ஃபி கை நீட்டி பதிவ நிறுத்துனான். அப்பவும் லைன் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு, இருபது நிமிஷம் தள்ளி வரப் போறத இப்பவே. காத்து. வெறும் காத்து.

"சாவி குடு," ன்னான் லுத்ஃபி.

"யாருண்ணே அது? ஷுக்ரிதான?"

"ஷட்டர் சாவி குடுடா."

"வெளிய நின்னுக்கிட்டிருந்தான்னா? யாருன்னு சொல்லு, நான் போலீசுக்கு..."

"வஜ்தி." குரல் கொழந்தைக்குச் சொல்ற மாதிரி எறங்குச்சு. "கையில இருக்கிறதக் கீழ வை."

வஜ்தி குனிஞ்சு பாத்தான். இரும்பு. அத இன்னும் புடிச்சிருக்கிறதே அவனுக்கு மறந்து போச்சு.

"இதுவா? இது உனக்காகத்தாண்ணே."

லுத்ஃபி அவன நெஞ்சுல கைய வச்சுத் தள்ளிட்டு ஓடுனான். படியில தடதடன்னு எறங்குனான், ஷட்டரப் புடிச்சு உலுக்குனான், உலுக்குன உலுக்குல கட்டடமே கிடுகிடுத்துச்சு. வஜ்தி பின்னாடியே, "அண்ணே நில்லு, சாவி இந்தா, நில்லுண்ணே" ன்னு ஒரு கையில சாவியோடயும் ஒரு கையில இரும்போடயும் எறங்கி வந்தான். லுத்ஃபி திரும்பிப் பாத்தான். சாவியப் பாக்கல. கீழ் ரூமுக்குள்ள பாஞ்சு கதவ அடிச்சுச் சாத்திக்கிட்டான். தாப்பா விழுந்துச்சு.

அதே ரூம்.

"அண்ணே, அங்க வேணாம்! அங்கதான்! வெளிய வா!"

ரப்பர் வச்ச கதவு. இந்தப் பக்கத்துக் குரல் அந்தப் பக்கம் போகாது. அந்தப் பக்கத்துது இங்க வராது. வஜ்தி காத வச்சான். தன்னோட ரத்தம் ஓடுற சத்தந்தான் கேட்டுச்சு. கதவ அடிச்சான், தோளால இடிச்சான், மறுபடி காத வச்சான். செல்போன்ல மணி 3:26. சாவிய கதவுக்குக் கீழ தள்ளலாம்னு பாத்தான், ரப்பர் ஒரு மயிரிழ கூட வழி வுடல. எண்ண வாட, மணல் வாட. மேல ஸ்பீக்கர்ல, ரூமுக்குள்ள இன்னும் வராத காத்து ஊளையிட்டுக்கிட்டே இருக்கு.

3:28.

டொம்.

கதவு வழியா இல்ல. தரை வழியா. உள்ளேந்து.

டொம். டொம்.

சந்துப் பக்கத்துச் செவுத்துல ஒரு பழைய ஓட்ட இருக்கு, அந்தக் காலத்துல ஆலிவ் மூட்டைய சரிச்சு உள்ள வுடுற வழி, ஒரு ஆளு குனிஞ்சு வரலாம். பலக அடிச்சு மேல மெத்த தொங்க விட்டிருக்காங்க. அது ஷுக்ரிக்கும் தெரியும், இங்க எத்தன நாள் வாசிச்சிருக்கான். அங்கேந்துதான் ஒடைக்கிறான். வந்துட்டான். உள்ள அண்ணன் தனியா.

டொம். டொம். டொம்.

வஜ்தி இரும்பத் தூக்குனான். தாப்பா இருக்கிற எடத்துல அடிச்சான். மறுபடி. மறுபடி. கை எரிஞ்சுது. மரம் பொளந்துச்சு, இந்த சத்தத்த எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு, நின்னு யோசிக்க நேரமில்ல, தோளக் குடுத்து உள்ள விழுந்தான்.

இருட்டு. இருட்டுகூட இல்ல, செம்மண்ணு கரச்ச மாதிரி ஒரு மங்கல். ஓட்ட தொறந்திருக்கு. ஷெஹிலி அது வழியா வாயக் கொப்புளிச்சுத் துப்புன மாதிரி மணல உள்ள அடிக்குது. கண்ணு நெறஞ்சு போச்சு. இமை தொறக்கல. ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு உருவம். குனிஞ்ச உருவம். அது திரும்புச்சு. கையில நீளமா என்னமோ. அது பாஞ்சு வந்து அவன் தோள்ல அடிச்சுது, எலும்பு சட்னு சொல்லிச்சு.

வஜ்தி திருப்பி அடிச்சான்.

ஒண்ணு.

கெட்டியாவும் இல்ல. மெத்துன்னும் இல்ல.

உருவம் அவன் மேல சாஞ்சுது. ரெண்டு மூச்சு, ஒண்ணு மேல ஒண்ணு. தர்புக்கா உருண்டுச்சு. அவன் உதறிட்டு மறுபடி ஓங்குனான்.

ரெண்டு.

ஈரம் அவன் வாய்க்குள்ள தெறிச்சுது. உப்பு. அது முழங்கால் போட்டு, அவன் காலக் கட்டிக்கிட்டு, கத்துச்சு. வார்த்த இல்லாத கத்தல். அந்தக் கத்தல் அவனுக்குத் தெரியும். அந்தக் கத்தல இருபது நிமிஷம் முன்னாடியே கேட்டுட்டான். கீழ குனிஞ்சு பாத்தான். மணலுக்குள்ள கழுத்துல ஒரு துண்டு. பனியன். கண்ணு, ஒரு கண்ணு, அவன நிமிந்து பாக்குது.

அண்ணன்.

நிறுத்து.

மூணு.

நிறுத்துன்னு சொன்னான், வாய்விட்டே சொன்னான். கை கேக்கல. வலது கை தானா மேல போச்சு, யாரோ மேலேந்து கயித்துல இழுக்குற மாதிரி. இடது கையால அதோட மணிக்கட்டப் புடிச்சான். ரெண்டு கையும் சேந்து எறங்குச்சு.

நாலு.

சத்தம் முன்னாடியே போயிருச்சு. கை அதத் தொரத்திக்கிட்டு ஓடுது.

அஞ்சு. பல்லு ஒண்ணு தரையில சோழி மாதிரி ஓடுச்சு.

ஆறு.

பதினோரு வரி. அவனே எண்ணுனான்.

ஏழு. கத்தல் நின்னுருச்சு.

எட்டு. லுத்ஃபியோட கை மட்டும் தரையத் தட்டுச்சு. தாளமில்ல. சும்மா.

ஒம்பது.

பத்து.

"வேணாம்."

பதினொண்ணு.

அப்புறம் கை தொங்கிப் போச்சு. எல்லாம் நின்னுச்சு. காத்து மட்டும். ஓட்டையில பலக வெளிப்பக்கமா சாஞ்சிருந்துச்சு, உள்ளேந்து ஒடச்ச பலக, அதுல அண்ணனோட நகம் ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. சந்துல யாரும் இல்ல. ஷுக்ரி இல்ல. யாருமே வரல.

வஜ்தி முழங்கால் போட்டு உக்காந்தான். எவ்ளோ நேரம்னு தெரியல. "அண்ணே," ன்னான். மெதுவா. "அண்ணே, எழுந்திரிண்ணே. நான் வஜ்தி." பேசிக்கிட்டே இருக்கிறப்ப தெரிஞ்சுது, அந்தச் சின்னச் சின்ன மேடு இதுதான். அண்ணன் காதுல கேட்டது இதுதான்.

மேல் ஸ்பீக்கர்ல காத்து மாறுச்சு.

கதவு ஒடஞ்சு கெடக்கு, இப்ப எல்லாம் நல்லா கேக்குது. காத்துக்குள்ள தூரத்துல ஒரு குரல், சந்துலேந்து வர்ற குரல், இன்னும் இருபது நிமிஷத்துல வரப் போற குரல்.

"வஜ்தி! லுத்ஃபி! ஷட்டரத் தொறங்கடா, வெயில்ல மண்ட பொளக்குது!"

அம்மா.

எழுந்தான். அடிபட்ட தோள் தொங்க, இடது கையால பையிலேந்து சாவிய எடுத்தான். அம்மாவுக்குத் தொறக்க மாட்டேன். தொறக்கவே முடியாத மாதிரி பண்ணிடுறேன். ஓட்டை வழியா சந்துல, எவ்ளோ தூரம் முடியுமோ அவ்ளோ தூரம் சாவிய விட்டெறிஞ்சான். அது கல்லுல பட்டு கிணிங்னு சொல்லிச்சு. ஷட்டர் பூட்டியிருக்கு. சாவி உள்ள இல்ல. அம்மாவால தொறக்க முடியாது. மூச்சு விட்டான்.

மேல ஸ்பீக்கர்ல செருப்பு தேச்சு நடக்குற சத்தம். நின்னுச்சு.

"இது என்ன... சாவிய சந்துல போட்டு வச்சிருக்கானுங்க. எரும மாடுங்க."

ஷட்டர் ஏறுற சத்தம், கடகடன்னு. சாமான் பை கீழ வைக்கிற சத்தம். செருப்பு. செருப்பு கிட்ட வருது, ஒடஞ்ச மரத்துண்டு மேல ஏறுது.

"லுத்ஃபி? ஏன்டா வெறும் தரையில படுத்திருக்க?"

அப்புறம் ஒரு மூச்சு. அம்மாவோடது இல்ல. வஜ்தியோடதே. மைக்குக்கு ரொம்பக் கிட்டக்க.

வஜ்தி வலது கையப் பாத்தான். இரும்பு அதுலதான் இருந்துச்சு. கீழ போடுன்னு சொன்னான். போடல. இடது கையால சுண்டு விரலப் புடிச்சுப் பிரிச்சான். விரிஞ்சுது. மோதிர விரலப் பிரிச்சான், அதுக்குள்ள சுண்டு விரல் மடங்கிக்கிச்சு. மறுபடி பிரிச்சான். மடங்குச்சு. பின்னாடி வளச்சான், எலும்பு முறியிற வரைக்கும் வளச்சான், முறிஞ்சுது, முறிஞ்ச விரல் மெதுவா ஊர்ந்து போய் கம்பியச் சுத்திக்கிச்சு. அடுத்த விரலப் புடிச்சான்.